குடும்பம் நடத்தும் கடைவீதி

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இரண்டிலும் உள்ள சிரமத்தைச் சொல்ல வந்த மொழி இது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான இன்னொன்றும் உண்டு. வீடு கட்டினாலும் சரி, கல்யாணம் செய்தாலும் சரி, அந்தக் குடும்பம் முதலில் போய் நிற்கும் இடம் கடைவீதிதான். அடுப்பு, அண்டா, பாய், தலையணை, வாளி, கயிறு, விளக்கு, பூட்டு என்று ஒரு வீடு வீடாவதற்கு வேண்டிய அத்தனையும் அங்கிருந்துதான் வருகின்றன. அத்தகைய கடைவீதியைப் பற்றி இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

சென்ற ஆண்டு என் அக்காளுக்குத் திருமணம் நடந்தது. என் தந்தையார் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்பவர். தாயார் வயல் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகையால் சீர் சாமான் பட்டியல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுதி முடித்தபோது 43 பொருள்கள் இருந்தன. கைப்பேசியில் விலை பார்த்து அதிலேயே வாங்கிவிடலாம் என்று யோசனை சொன்னேன். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

“படம் பாத்துட்டு வர்றதுக்கு இது என்ன சினிமாவா? பையை எடு, ஆலங்குடிக்குப் போவோம்” என்றார்.

அன்று பகல் முழுதும் அம்மாவின் பின்னால் பை தூக்கிக்கொண்டு கடை கடையாக நடந்தேன். அந்த ஒரு நாளில் கற்றது ஒரு பருவப் பாடத்துக்குக் குறையாது என்று சொன்னால் நம் பேராசிரியப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

விலை ஒன்றையே பார்த்தால் சில பொருள்கள் கைப்பேசியில் மலிவாகவே இருந்தன. வகை ஒன்றையே பார்த்தால் திருச்சியிலும் தஞ்சையிலும் உள்ள பெருங்கடைகளில் பத்து மடங்கு வகை உண்டு. அப்படியிருந்தும் மக்கள் ஏன் நம் ஊர்க் கடைவீதியை நாடி வருகிறார்கள்? பழக்கம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து.

பழந்தமிழர் அங்காடி

கடைவீதி நமக்குப் புதியதன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் நடந்த நாளங்காடியையும் இரவில் நடந்த அல்லங்காடியையும் விரிவாகக் கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் கன்னார், செம்பு கொட்டிகள், தச்சர், கொல்லர், குயவர், தையற்காரர் என்று வீட்டுப் பொருள் செய்வோர் யாவரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பொருள் செய்பவரும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீதியில் முகம் பார்த்துப் பேசிய காலம் அது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வணிகர்கள் தாம் கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்தார்கள் என்று பாராட்டுகிறார். வணிகனுக்கு அன்று கிடைத்த பெரிய புகழ், செல்வம் உடையவன் என்பதன்று. நேர்மை உடையவன் என்பதே.

நம் மாவட்டமும் இதற்கு விலக்கன்று. நம் மாவட்டத்துக் கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழு இடைக்காலத்தில் புகழோடு விளங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பின்னர் புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று ‘அம்மன் காசு’ வெளியிட்டது. ஒரு பக்கம் அன்னை பிரகதாம்பாளின் உருவம் பொறித்த சிறு செப்புக் காசு அது. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசுகள். அணா என்பதே ரூபாயில் 16இல் ஒரு பங்கு என்பதை எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு சிறிய காசு என்பது விளங்கும். ஏழை எளியவரும் கடைக்கு வந்து இம்மியளவு உப்போ எண்ணெயோ வாங்கிச் செல்ல அத்தகைய சிறு காசு உதவியது. 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது; 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. காசு மறைந்தது. ஆனால் அந்தக் காசுக்குப் பின்னால் இருந்த எண்ணம் கடைவீதியில் மறையவில்லை. அதைப் பின்னர்க் காண்போம்.

நம் ஊர் வீதி

புதுக்கோட்டைக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது ஆலங்குடி. சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்று இவ்வூரின் பெயரைத் தாங்கியிருந்தது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம், மறமடக்கி என்று சுற்றிலும் தென்னையும் பலாவும் பூவும் காய்கறியும் கடலையும் விளையும் கிராமங்கள். இவற்றிலிருந்து வருகிறவர்கள் வடகாடு முக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தாலுகா ஆபீஸ் வேலை, ஆஸ்பத்திரி, கோர்ட், பத்திரம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, அதே பஸ் செலவில் வீட்டுச் சாமானும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். கடைவீதியின் கவர்ச்சியில் இந்தச் சௌகரியம் முதலாவது.

இரண்டாவது, இந்த வீதி விவசாயியின் நாட்காட்டியைத் தெரிந்து வைத்திருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதி உண்டு. கூலிக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் முதல் தேதி ஏது? கடலை பிடுங்கிய பிறகு, தேங்காய் வெட்டிய பிறகு, பலா விற்ற பிறகுதான் கையில் காசு. அப்போதுதான் ஓட்டை வாளிக்குப் பதில் புது வாளி, கிழிந்த பாய்க்குப் பதில் புதுப் பாய். கடைக்காரர்கள் இதனை அறிந்தே சரக்கு இறக்குகிறார்கள்.

பாத்திரக் கடையில் வேதியியல்

எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் பாத்திரங்கள். ஆகவே முதலில் பாத்திரக் கடைக்குச் சென்றோம். வேதியியல் மாணவன் என்ற செருக்கோடு ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். எவர்சில்வர்க் குடத்தில் அதை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. “நல்ல சில்வர்தான் அம்மா” என்று தீர்ப்பு வழங்கினேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“காந்தம் ஒட்டாததெல்லாம் ஒசத்தின்னு யாரு தம்பி சொன்னது? அந்தக் குடமும் ஒட்டாது, இந்தக் குடமும் ஒட்டாது. ரெண்டையும் தூக்கிப் பாரு. உப்புத் தண்ணிக்கு இது தாங்கும், அது தாங்காது. வெல வித்தியாசம் அதனாலதான்” என்றார்.

விடுதிக்குத் திரும்பியதும் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது முற்றிலும் சரி! இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி இத்தகைய உருக்கை உருவாக்கினார். உயர்ந்த பாத்திர வகையில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை அதிகம். ஆகவே மற்றொரு வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்பையும் புளிப்பையும் தாங்கும் வலிமை இரண்டாவது வகைக்குக் குறைவு. காந்தம் ஒட்டும் மூன்றாவது வகையும் உண்டு. அதுவும் துருப்பிடிக்காத உருக்கே. நான் ஒரு காந்தத்தை நம்பினேன். அவரோ பல ஆண்டுகளாகத் திரும்பி வந்த பாத்திரங்களைப் பார்த்தே பாடம் கற்றவர். எந்தக் குடம் எந்த ஊர்த் தண்ணீரில் புள்ளி விழுந்து திரும்பி வந்தது என்ற கணக்கு அவர் மனத்தில் இருக்கிறது. படத்தைக் காட்டி விற்கும் எவருக்கும் இந்த அறிவு வாய்க்காது.

அடுத்தது பித்தளை. என் அப்பத்தா தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளை அண்டா ஒன்று எங்கள் வீட்டில் கறுத்துக் கிடந்தது. அதை எடைக்குப் போட்டுவிட்டுப் புது அண்டா வாங்கலாம் என்பது என் எண்ணம். கடைக்காரர் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “இந்தக் கனத்துல இப்ப வராது ஆத்தா. எடைக்குப் போடாதீங்க. ஈயம் பூசிக் குடுத்து அனுப்புங்க, பேத்தியும் வச்சுப் பொழங்கட்டும்” என்றார். புது அண்டா விற்றால் அவருக்குத்தானே லாபம்? அதை விட்டுவிட்டு அவர் இப்படிச் சொன்னது என்னை யோசிக்க வைத்தது.

ஈயம் பூசுவதும் நாம் சோதனைக்கூடத்தில் செய்யத்தக்க ஒரு சோதனையே. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை. புளிச் சாறு பட்டால் செம்பு கரைந்து களிம்பு ஏறும். ஆகவே உட்புறம் வெள்ளீயம் பூசுகிறார்கள். பாத்திரத்தைத் தேய்த்துச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவுகிறார்கள். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது உலோகத்தின் மேலுள்ள ஆக்ஸைடு அழுக்கை நீக்குகிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகியதைப் பஞ்சால் துடைத்துப் பரப்பினால் கண்ணாடிபோல் பளபளக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் அது நஞ்சு. ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும் இதே விதிதான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் வாங்குகிறவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. விற்பவரின் நேர்மை ஒன்றே காவல். பட்டினப்பாலை வணிகரின் நேர்மையை ஏன் அவ்வளவு பாராட்டியது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

மண்பாண்டமும் அப்படித்தான். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்ளே நீர் குளிர்கிறது. நன்றாக வெந்த பானையா, விரிசல் உண்டா என்பதை அம்மா விரலால் தட்டி, ஓசை கேட்டே தெரிந்துகொண்டார். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் வானளாவ நிற்கும் குதிரைச் சிலையைக் காண எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அத்தகைய சிலைகளுக்குப் புகழ்பெற்ற நம் வட்டாரத்தில், ஒரு பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அறிவு வீட்டுப் பெண்களிடம் இருப்பதில் வியப்பில்லை. தட்டிப் பார்க்கவும், தூக்கிப் பார்க்கவும், முகர்ந்து பார்க்கவும் இடம் தருவது கடைவீதியின் மூன்றாவது கவர்ச்சி.

சிறு அளவும் சிறு பழுதும்

அம்மன் காசின் எண்ணம் இன்னும் மறையவில்லை என்றேன். இரும்புக் கடைக்குப் போய்ப் பாருங்கள். நான்கு ஆணி, ஒரு கொண்டி, இரண்டு திருகாணி என்று கேட்டால் தாளில் மடித்துத் தருவார்கள். கயிற்றுக் கடையில் கிணற்றுக்கு எத்தனை முழம் வேண்டுமோ அத்தனை முழம் அளந்து வெட்டித் தருவார்கள். நம் தேவை என்னவோ அதுவே அங்கே அளவு. கைப்பேசியில் ஆணி வாங்கினால் 100 ஆணி கொண்ட பெட்டிதான் வரும். நமக்கு வேண்டியதோ நான்கு! மீதி 96 ஆணிகளுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது மலிவா என்பதைக் கணக்குப் பாடம் படிக்கும் நண்பர்கள் சொல்லட்டும். கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி பொருளைச் சிறிதாக்கித் தரும் வணிகம் எளியவரின் வணிகம்.

பழுது பார்த்தல் இதைவிட முக்கியம். இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்குக் கைப்பேசி மூலம் ஒரு மிக்ஸி வாங்கினோம். யாரிடம் வாங்கினோம் என்பது இங்கே தேவையில்லை. கடைவிலையைவிட 400 ரூபாய் குறைவு. ஐந்தாம் மாதம் அது சுற்றாமல் நின்றுவிட்டது. உத்தரவாதச் சீட்டில் இருந்த எண்ணை அழைத்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மனிதக் குரல் வரவேயில்லை. அம்மா மூன்று வாரம் அம்மியில் அரைத்தார். வேலைக்குப் போய்த் திரும்பி, இருட்டியபின் அம்மியில் குனிந்து நின்ற அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த 400 ரூபாய் மிச்சப்படுத்திய அறிவாளி நான்தானே!

கடைசியில் கடைவீதியில் ஒரு சிறு பழுது கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஜாரைக் கழற்றிப் பார்த்து, “கப்ளர் தேஞ்சு போச்சு தம்பி, அம்புட்டுத்தான்” என்றார். பத்து நிமிட வேலை. மூன்று வாரத் துன்பத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டுதான் காரணம். விலையை ஒப்பிட்டவன் பழுதை ஒப்பிட மறந்தேன். ஒரு பொருளின் உண்மையான விலை, வாங்கும் நாளில் கொடுப்பது மட்டுமன்று. அது ஒழுங்காக வேலை செய்யும் காலம் முழுதுக்கும் ஆகும் செலவே அதன் விலை. குடை, பூட்டு, அடுப்பு, தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முகம் அறிந்த கடன்

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. நம் பகுதியில் அதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. அப்போது நான் பள்ளி மாணவன். பொழுது விடிந்தபோது தென்னை மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பல தலைமுறை கண்ட பலா மரங்கள் வேரோடு பெயர்ந்திருந்தன. எங்கள் வீட்டுக் கூரையும் போயிற்று. தோப்பே இல்லாதபோது தோப்பில் கூலி ஏது? மின்சாரம் இல்லை. கையில் காசும் இல்லை.

அப்பா ஆலங்குடிக்கு நடந்து போனார். தார்ப்பாய் ஒன்று, கயிறு, மெழுகுவத்தி, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு வாளி இவற்றோடு திரும்பினார். எந்தச் சொத்துப் பத்திரமும் கேட்காமல் கடைக்காரர் ஒருவர் கொடுத்து அனுப்பினார். “நோட்டுல எழுதிக்கிறேன், மரம் எந்திரிக்கட்டும்” என்றாராம். எழுந்திராது என்று அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அந்தக் கணக்கைத் தீர்க்க எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. கடைசித் தொகையைக் கொடுத்த நாளில் அப்பா என்னையும் அழைத்துப் போனார். நோட்டில் குறுக்கே கோடு இழுத்ததை நான் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வங்கி கடன் கொடுக்க ஈடு கேட்கிறது. கைப்பேசித் தவணை எண்களைக் கேட்கிறது. கடைவீதி ஒருவன் எத்தகையவன் என்று கேட்கிறது. அதற்கு விடை தெரிய நீண்ட நாள் பழக்கம் வேண்டும். இதுவே கடைவீதியின் உயிர் என்று நினைக்கிறேன். விற்றவரும் வாங்கியவரும் நாளையும் முகத்தில் விழிக்க வேண்டும். ஆகையால் அவர் காரீயத்தை வெள்ளீயம் என்று விற்கத் தயங்குவார். இவரும் வாங்கிய கடனை மறக்கத் தயங்குவார். சட்டம் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே கண்ணோட்டம் வந்து நிற்கிறது.

பணத்தின் பயணம்

இன்னொரு கணக்கும் உண்டு. கடைவீதியில் நான் கொடுக்கும் 1,000 ரூபாயில் கடைக்காரர் பாதியை ஊருக்குள்ளேயே செலவிடுகிறார் என்று கொள்வோம். வேலையாள் கூலி, தையற்கூலி, காய்கறி, டீ என்று 500 ரூபாய் போகிறது. அதைப் பெற்றவர்களும் பாதியை இங்கேயே செலவிட்டால் 250. பின்னர் 125. இந்தப் பெருக்குத் தொடரின் கூடுதல் 2,000 ரூபாய். பாதிக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கே ஊரில் தங்கினால் கூடுதல் 1,250 ரூபாய்தான். அந்த 750 ரூபாய் வித்தியாசத்தில்தான் என் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்க வேண்டிய கூலி அடங்கியிருக்கிறது. இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன கணக்கே என்றாலும், இதன் தத்துவம் பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள் அறிந்ததே.

பிற நாடுகளின் அனுபவம்

மேலை நாடுகளில் இந்த வீதிகள் என்னவாயின என்பதை அறிவது நமக்குப் பயன் தரும். அமெரிக்காவில் 1962இல் சாம் வால்டன் தொடங்கிய வால்மார்ட் போன்ற பெருங்கடைகள் ஊருக்கு வெளியே, கார் நிறுத்தும் பெரிய மைதானங்களோடு வந்தன. பல சிற்றூர்களின் பிரதான வீதிகள் வெறிச்சோடின. அதைக் கண்டு கவலையுற்ற அந்நாட்டு வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அறக்கட்டளை, 1977இல் மூன்று ஊர்களில் சோதனையாகத் தொடங்கி, 1980இல் பிரதான வீதிகளைப் புதுப்பிக்கத் தனி மையமே அமைத்தது. இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் வீதிதோறும் வீட்டுப் பொருள் விற்ற உல்வொர்த்ஸ் கடைகள் 2009 ஜனவரியோடு மூடப்பட்டன. இழந்த பிறகு தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இவை சான்று.

ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு செய்தி கூறுகிறார். நியூயார்க்கில் அவர் வாழ்ந்த பகுதியில், வீட்டுக்கு வரும் நண்பருக்காகச் சாவியைத் தெருக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்களாம். வீதியைக் காப்பது அங்குள்ளோரின் கண்களே என்பது அவர் கருத்து. நாமும் அதைத்தானே செய்கிறோம்! “அண்ணே, பை இங்க இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துர்றேன்” என்று எத்தனை பேர் நம் கடைவீதியில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நியூயார்க்கும் ஆலங்குடியும் இந்த ஒன்றில் உறவினர்களே.

குறைகளும் உண்டு

கடைவீதியைப் புகழ்ந்துகொண்டே போனால் நான் நேர்மை தவறியவன் ஆவேன். இந்தக் கட்டுரையை எழுதும்போது என் அப்பத்தாவிடம் பேசினேன். அவர் சிறுமியாக இருந்தபோது, ஏதோ ஓர் ஊரில், ஒரு துணிக்கடைக்குள் அவரை ஏறவிடவில்லையாம். வெளியே நின்று விரலால் காட்டிய துணியைத் தூக்கிப் போட்டார்களாம். காசைத் திண்ணையில் வைக்கச் சொன்னார்களாம். “தொட்டுப் பாக்காம வாங்கின துணிடா அது” என்றார். முகம் அறிந்த வீதி நம்பிக்கையை வளர்க்கும். அதுவே முகம் பார்த்து மனிதரைத் தள்ளி வைக்கவும் செய்தது. கைப்பேசியில் வாங்குகிறவனின் சாதியை யாரும் கேட்பதில்லை. நகரத்துப் பெருங்கடையில் எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே விலை. 1852இல் பாரிஸ் நகரின் பான் மார்ஷே கடையில் அரிஸ்டிட் பூசிகோ எல்லோருக்கும் ஒரே நிர்ணய விலை என்ற முறையைப் புகுத்திப் புகழ் பெற்றார். பேரம் பேசத் தெரியாதவனுக்கும் அது மரியாதை தந்தது. இந்தப் பாடத்தை நம் கடைவீதி முழுமையாகக் கற்றாக வேண்டும்.

இன்றும் நம் கடைகள் சிலவற்றில் விலைச் சீட்டு இல்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வது உண்டு. பில் கேட்டால் முகம் சுளிப்பது உண்டு. பாத்திரத்தின் உலோக வகையை எழுதித் தருவோர் குறைவு. பெண்களும் முதியோரும் சிறிது உட்கார ஒரு பெஞ்சு இல்லை. இவை தீர்க்க முடியாத குறைகள் அல்ல. 2016இல் வந்த யூபிஐ முறையை நம் பூக்காரம்மாவே பழகிக்கொண்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டபின் மஞ்சள் பையும் கடைகளில் மீண்டும் தலைகாட்டியது. மாறத் தெரிந்த வீதி இது. விலைச் சீட்டையும் பில்லையும் ஏற்றுக்கொள்வதா பெரிது?

நமக்கும் கடமை உண்டு. கடையில் பொருளைத் தொட்டுப் பார்த்து, விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டு, பின்பு கைப்பேசியில் 50 ரூபாய் குறைவாக வாங்குவது நியாயமா? அந்த அறிவுக்கு நாம் ஏதும் கொடுக்கவில்லையே! கைப்பேசியில் எதையுமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கே கிடைக்காத புத்தகத்தை நானும் அதில்தான் வாங்குகிறேன். தினமும் புழங்கும் பொருளை, பழுதாகும் பொருளை, தட்டிப் பார்த்து அறிய வேண்டிய பொருளை நம் வீதியில் வாங்குவோம் என்பதே என் வேண்டுகோள்.

முடிவுரை

அக்காளின் சீர் சாமான்கள் அன்று மாலை மினி லாரியில் ஏறின. ஈயம் பூசிய அப்பத்தாவின் அண்டா எல்லாவற்றுக்கும் மேலே பளபளத்தது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் வேலை மட்டும் கடைசிவரை நடந்தது. ஒவ்வொரு பாத்திரத்திலும் அக்காளின் பெயர். எல்லாம் முடிந்தபின் அம்மா முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து, தனியாக ஒரு சொம்பு வாங்கினார்.

“இதுல தம்பி பேரு போட்டு, பக்கத்துல பி.எஸ்ஸி.ன்னு வெட்டுங்கண்ணே” என்றார்.

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. கடைக்காரர் என்னைப் பார்த்தார். “தம்பி எத்தனாவது வருஷம்?” என்று கேட்டார். “ரெண்டாவது” என்றேன். அவர் என் பெயரை மட்டும் வெட்டினார். பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டார்.

“மிச்சத்தை பாஸ் பண்ணிட்டு வந்ததும் வெட்டித் தர்றேன் ஆத்தா. அதுக்குக் காசு வேணாம்” என்றார்.

அந்தச் சொம்பு இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்த வெற்றிடம் என் கண்ணில் படுகிறது. அதை நிரப்ப வேண்டியவன் நான். வெட்டித் தர வேண்டிய அந்தக் கடையும், அது நிற்கும் அந்த வீதியும் அதுவரை மட்டுமன்று, அதற்குப் பின்னும் நிலைத்திருக்க வேண்டும். அது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.